துணி காயவைத்த கம்பியூட்டர்

எங்கள் வீட்டில் இருந்த பழைய கம்பியூட்டர் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தேன். கொழும்பு நிறுவனத்துக்கு வீட்டு வரைபடங்கள் வரைவது. வரைந்ததை அனுப்புவது. அவர்கள் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதைத் திறப்பது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு படம் போடுவது. இவ்வளவுதான் என்று பேனாவை மூடினேன்.

அடுப்படியில் இருந்து அம்மா கேட்டார்: "துணி காயுறத எழுதுனியா?"

சிரித்துக்கொண்டே அதையும் கடைசியில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில், மற்றவற்றுக்குப் போட்டதுபோல், 'அவசியம்' என்றோ 'வேறு வழி உண்டு' என்றோ குறிக்க வேண்டியிருந்தது. அது மாசி மாதம். வெளியே நல்ல வெயில். 'வேறு வழி உண்டு' என்று குறித்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. எங்களுடையது கடைசிக் காம்பிரா, அதாவது கடைசி வீடு. காற்று முதலில் வந்து மோதுகிற பக்கம். முன்னறையில் ஒரு கட்டில், என் மேசை, சாமிப் படம். பின்னால் அடுப்படி. வாசலில், இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சின்னத் தாழ்வாரம். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா இறந்தபிறகு தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்த ஆள் அம்மா ஒருவர்தான். நான் ஹட்டனில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கட்டட வரைபடம் வரையப் பழகி, வீட்டில் இருந்தே சம்பாதித்தேன். அந்தச் சம்பளம் தோட்டத்தின் கணக்கில் வராது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காம்பிராவைத் திருப்பிக் கேட்பார்கள். இது எங்கே எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஆனால், அப்படிக் கேட்கப்பட்டு, கட்டிலையும் பாத்திரத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹட்டனில் ஒரு அறை எடுக்க என் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அதையும் விசாரித்து வைத்திருந்தேன்.

ஆகவே எங்கள் வீட்டில் எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது. விடிந்ததும் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அம்மா நிற்க வேண்டும். காய்ச்சலோ மழையோ, அம்மா நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். புகை ஆகாது. ஈரம் ஆகாது.

"ஈரம் ஆகாதுன்னா மலைய எங்கிட்டு கொண்டுபோயி வைக்கிறதுங்க டொக்டர்?" என்று அம்மா கேட்டார். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். பிறகு மருந்துச் சீட்டை எழுதித் தந்தார்.

ஈரத்தை ஒன்றும் செய்ய முடியாது. புகையை நிறுத்தினோம். விறகு அடுப்பை மூடி, அதன்மேல் பலகை போட்டு, காஸ் அடுப்பை வைத்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: எங்கள் வீட்டில் துணி காய்ந்ததெல்லாம் அந்த விறகு அடுப்பின்மேல் கட்டிய கம்பியில். காஸ் அடுப்புச் சூடு சோற்றுப் பானையைத் தாண்டி வராது. மழைக்காலத்தில் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களின் துணி எவ்வளவு நனைந்திருக்கும் என்பது அதைப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். சுவெட்டர், பாவாடை, காலுறை, தலைத்துண்டு. எல்லாவற்றையும்விட மோசம் படங்கு. செடியின் குச்சி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு அது. மடிப்பில் தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் அம்மா தன் காலுறைகளை என் சிபியு பெட்டியின் பின்பக்கம், விசிறிக் காற்று வரும் இடத்தில் வைத்தார். நான் வேலை முடித்தபோது அவை காய்ந்திருந்தன. அடுத்த நாள் தலைத்துண்டு. பிறகு பெட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலி வந்தது. சன்னல் கம்பியில் இருந்து சாமிப் பட ஆணி வரை ஒரு கயிறு வந்தது. யாரும் திட்டம் போடவில்லை. ஒரு மழைக்காலத்துக்குள் அது எங்கள் வீட்டு வழக்கம் ஆகிவிட்டது.

அந்தப் பெட்டி கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்துவிட்டதை நான் வாங்கியது. உள்ளே பெரிய கிராபிக்ஸ் கார்ட். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வெளிச்சமும் நிழலுமாக உருவாக்கச் சொன்னால் அது மூச்சுவாங்கும், விசிறி இரையும், பின்பக்கத்தில் கை வைக்க முடியாது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி.

"இன்னைக்கு பெரிய படமா, சின்னப் படமா?" என்று தேயிலை மலையில் இருந்து வந்ததும் கேட்பார்.

"பெரிய படம்மா. மூணு மாடி."

"அப்ப படங்கப் போடுறேன்."

சின்னப் படம் என்றால் காலுறை மட்டும்.

மின்சார மீட்டர் எங்களுடையது இல்லை. அடுத்த காம்பிரா மாமியின் இஸ்தோப்பில் இருந்தது, அவர் கணவரின் பெயரில். அங்கிருந்து எங்களுக்கு வயர் இழுத்திருந்தோம். பில்லைப் பங்கு பிரித்துக் கட்டினோம். மாமியின் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாமியும் மகளும் இங்கே. அம்மாவும் மாமியும் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவர்கள். மின்கட்டணம் ஏறாதவரை அந்த வயரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏறியபிறகு வேறு எதையும் பேசவில்லை. மின்சாரப் பாவனை ஓர் எல்லையைத் தாண்டினால் யூனிட் விலையே மாறும். இரண்டு வீடும் ஒரே மீட்டரில் இருந்ததால் நாங்கள் ஒவ்வொரு மாதமும் தாண்டினோம்.

மீட்டர் பார்க்க வருகிறவர் சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கை, என்பார். "நங்கி, இந்த மாசமும் கூடதானே" என்று என்னைப் பார்த்து வருத்தமாகச் சொல்லிவிட்டுச் சீட்டை மாமியின் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

மாமி அந்தச் சீட்டோடு எங்கள் வாசலுக்கு வருவார்.

"ஏன்டியம்மா, ஒம் பொட்டி சாப்புடுற சாப்பாட்டுக்கு எங்க வீட்டு ப்ரிட்ஜு பட்டினி கெடக்கணும் போல."

"ப்ரிட்ஜும் சாப்பிடும்தானே மாமி."

"அது சாப்ட்டுட்டு தூங்கும். ஒன்னோடது விடிஞ்சதுல இருந்து கத்திக்கிட்டே கெடக்கு. சுவத்துல காத வச்சா பெக்டரி ஓடுற மாதிரி இருக்கு."

"நீங்க ஏன் மாமி சுவத்துல காத வைக்கிறீங்க?"

"வேற எங்க வைக்கிறது? ஒங்கம்மா பேசுறது கேக்கணும்ல."

அம்மா உள்ளே இருந்து சிரிப்பார். மாமியும் சிரிப்பார். ஆனால் ஒரு மாதம் மாமி சிரிக்காமல் வந்தார். "எங்க அவரு போன்ல சத்தம் போடுறாரு. வயர கழட்டிருங்கன்னு சொல்றாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. "மாத்திரு புள்ள. கம்மியா எடுக்குற பொட்டி இருக்குன்னு சொன்னியே, அத வாங்கிரு. வாசல்ல வந்து நிக்கிறாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

இது எனக்குப் பிடித்த மாதிரியான வேலை. முதலில் சொன்ன அந்தப் பட்டியலை எழுதியது அப்போதுதான். படித்த கல்லூரியில் இருந்து, சுவர்ச் சொக்கட்டில் செருகி மின்சாரத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பழைய பெட்டி சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது, வரையும்போது எவ்வளவு, மூச்சுவாங்கும்போது எவ்வளவு என்று அளந்தேன். மொனிட்டரைத் தனியாக அளந்தேன். மாமியின் ப்ரிட்ஜையும் கேட்டுக்கொண்டு அளந்தேன். அது மாமி சொன்னதுபோலவே பெரும்பாலும் தூங்கியது. சந்தேகமே இல்லை. மீட்டரை ஓட்டியது என் பெட்டிதான்.

ஹட்டனில் ஒரு கடையில் சொல்லிவைத்து, சின்னக் கம்பியூட்டர் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டுப் பெட்டி அளவு. கனமான முப்பரிமாண வேலைகளை நிறுவனத்தின் கம்பியூட்டரிலேயே ஓடவிட அனுமதி கேட்டு வாங்கினேன். அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னா இருக்கு, சம்பலா?"

செருகி, கருவியைப் பார்த்தேன். பழையது எடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தம் இல்லை. அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

"காய்ச்சல் விட்ட புள்ள மாதிரி இருக்கு" என்றார்.

பழைய பெட்டியைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். கயிறு மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த பில் குறைந்தது. அதற்கடுத்தது இன்னும் குறைந்தது. எல்லைக்குக் கீழே வந்துவிட்டோம். மாமி ஒரு தட்டில் வடை கொண்டுவந்தார். அம்மா மலையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வேறு லயத்தில் இருந்துகூட இரண்டு பேர் வந்து அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். துணி இஸ்தோப்பில் வெயிலில் காய்ந்தது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் என் பட்டியலில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பிறகு தென்மேற்கு மழை பிடித்தது.

அதை விவரிக்க எனக்கு வரவில்லை. காலையில் மூடியிருந்தது, மாலையிலும் மூடியிருந்தது, இடையில் தண்ணீர். மாமி குடையை உதறிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தண்ணி பூரா கீழ பொல்பிட்டியவுக்குப் போயி கரண்டா மாறுதாம். நம்ம தலையில பேஞ்சிட்டுப் போற தண்ணிக்கு நம்மகிட்டயே பில்லு."

அம்மாவிடம் மலைக்குப் போட இரண்டு சோடித் துணி இருந்தது. மூன்றாவது வாங்கினேன். அது ஒரு நாள் அவகாசம் தந்தது, அவ்வளவுதான். மூன்றும் ஈரமாகவே சுற்றிவந்தன. கயிற்றில் தொங்கியவற்றில் இருந்து சிமெந்துத் தரையில் சொட்டியது; சொட்டுவது நின்றபிறகும் துணி காயவில்லை, குளிர்ந்து கனமாகத் தொங்கியது. காற்றே ஈரமாக இருந்தால் துணி எதற்குத் தண்ணீரை விடும்? என் மேசைக்குப் பின்னால், பழைய பெட்டி இருந்த மூலையில், சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. அந்த மூலையில் அதுவரை பூஞ்சணம் இருந்ததில்லை. அம்மாவின் தலைமாடு அந்தச் சுவர்ப்பக்கம்தான்.

மின்சாரம் எந்த வேலையைச் செய்தாலும் கடைசியில் சூடாகத்தான் மாறும் என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். பழைய பெட்டி எடுத்துக்கொண்டதெல்லாம் எங்கள் அறைக்குள்தான் வந்து சேர்ந்தது. நான் மிச்சப்படுத்தியது அந்தச் சூட்டைத்தான். கருவி எடுப்பதை மட்டும் காட்டும். கொடுப்பதைக் காட்டுவதற்கு அதில் முள் இல்லை.

ஒரு ஹீட்டர் வாங்கலாமா என்று பார்த்தேன். பழைய பெட்டியைவிடப் பல மடங்கு எடுக்கும். போட்டால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருக்கிற ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும்.

அம்மா ஈரச் சுவெட்டரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினார். உடம்புச் சூட்டில் காயட்டும் என்று. நான் எடுத்தால், "விடு, எங்க ஆத்தா காலத்துல எல்லாம் இப்படித்தான்" என்றார். இருமல் திரும்ப வந்தது. பிறகு ஒரு மாலை, மாமி பில்லோடு வந்து நின்றார்.

"பொட்டி மாறிருச்சு. பில்லு திரும்ப ஏறிருச்சே."

நான் கருவியை எடுத்தேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. நான் கடைக்கும் தபாலுக்கும் ஹட்டன் போகிற நேரங்களில் அம்மா துணியை அயன் பண்ணியே காயவைத்துக்கொண்டிருந்தார். படங்கைக்கூட. அயன் பெட்டி எடுக்கிற மின்சாரத்துக்கு முன்னால் என் பழைய கம்பியூட்டர் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு துணிதான் புள்ள தேச்சேன்" என்றார் அம்மா.

"அம்மா, பழைய பொட்டிய வெளிய எடுப்போம். அதுல வேலை செய்றேன். அயன் பண்றதவிட கம்மியாத்தான் போகும்."

"வேணாம்."

"ஏன்?"

"ஏன்னா? மாத்திட்டோம் மாத்திட்டோம்னு மலை பூரா நானே சொன்னேன். வந்து பாத்துட்டுப் போனாங்க. அவ வடை சுட்டு எடுத்துட்டு வந்தா. இப்ப திரும்ப அது கத்துனா, சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். நான் அவ பக்கத்துல நின்னுதான் கொழுந்து பறிக்கணும். நீ இல்ல."

நான் எண்களைச் சொன்னேன். அம்மா எண்களை மறுக்கவில்லை. "சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா வேணாம்." அயன் பெட்டியை அன்றே பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார்.

அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குள் வீட்டில் புகை மணம் வந்தது. நான் கேட்டபோது மாமி வீட்டுப் புகை என்றார் அம்மா. அடுத்த நாள் அடுப்படிக்குப் போனேன். பலகை எடுக்கப்பட்டிருந்தது, காஸ் அடுப்பு தரையில் இருந்தது. ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டிருக்க, கம்பியில் படங்கு தொங்கியது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஊதுகுழலோடு குந்தியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் பேச வாயெடுக்கும் முன், "இன்னும் ஒரு வாரம். மழை விட்டுரும்" என்றார்.

நான் தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தேன். மறுநாள் நான் மேசையில் இருந்தபோது மறுபடி எரிந்தது. அம்மாவோடு சண்டை போட்டேன். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். அம்மா அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அதை இப்போது நினைத்தால் வேடிக்கையாகக்கூட இருக்கிறது. இருமிக்கொண்டே, பொலித்தீன் சுற்றிய ஒரு கம்பியூட்டரின்மேல், எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

மழை விடவில்லை. ஒரு முற்பகலில் கங்காணியும் மாமியும் இன்னொரு பெண்ணும் அம்மாவைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். நிரைக்கு நடுவில் மூச்சு வராமல் உட்கார்ந்துவிட்டாராம். லொறி எங்கள் லயத்தடியில் ஹோர்ன் அடித்தது. நான் வேலையைச் சேமிக்காமல் ஓடினேன். அம்மாவின் உதடு ஊதா நிறமாக இருந்தது. மாமி அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். மாமி பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

வார்ட்டில் அம்மாவின் துணியை மாற்றி என் கையில் கொடுத்தார்கள். பையில் போட்டுக் கட்டினேன். டொக்டர் வேறு ஒருவர், இளையவர். பையை நோக்கி மூக்கைச் சுருக்கினார்.

"வீட்டில விறகு அடுப்பா?"

"துணி காய வைக்க."

அவர் எழுதிக்கொண்டார். சளி கட்டி நுரையீரல் வரை இறங்கியிருக்கிறது என்றும், பழைய நோயும் சேர்ந்திருக்கிறது என்றும் சொன்னார். "காப்பாத்திரலாம். ஆனா இனி மலை வேலைக்குப் போக ஏலாது. மழையில நனையவே கூடாது. கடிதம் தாறேன்" என்றார்.

அம்மா ஒட்சிசன் குழாயோடு அந்தக் கடிதத்தைப் பார்த்தார். கையை அசைத்து, வாங்காதே என்றார். நான் வாங்கினேன்.

யாரால் இப்படி ஆனது என்று வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து யோசித்தேன். வாசலில் வந்து நின்ற மாமியா, மாத்திரு என்ற அம்மாவா, வெயில் காலத்தில் கணக்குப் போட்ட நானா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முடிவும் அது எடுக்கப்பட்ட நாளில் சரியாகவே இருந்தது. அதனால் ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த வாரத்தில் தோட்டத்து ஒபிசில் இருந்து கூப்பிட்டார்கள். கிளார்க் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டினார். கடிதத்தைப் படித்தார்.

"பாப்பா, அம்மா பேர எடுத்துர்றோம். அவங்களுக்கு வர வேண்டிய காசு வரும், அதுல பிரச்சினை இல்ல." பேனாவின் மூடியைத் திருகினார். "காம்பிராவ யாரு பேர்ல வைக்கிறது?"

"நான் இருக்கேனே."

"நீங்க கொழும்புக்குத்தானே வேலை செய்றீங்க. நான் சொல்றது தோட்டத்து வேலை. தொரை கேப்பாரு. ஆளில்லாத காம்பிராவுக்கு எத்தன பேரு வரிசையில நிக்கிறாங்க, தெரியும்தானே."

"நான் பேர் குடுக்குறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் புத்தகத்தைத் திறந்தார். "வீட்டுல கேட்டுட்டு வாங்களேன்" என்றார்.

ஒபிசுக்கு வரும் வழியிலேயே யோசித்து முடித்ததை அவருக்குச் சொல்லவில்லை. ஹட்டனில் அறை எடுத்தால் மருந்துக்கு மிச்சம் வராது. கொழும்புக்குப் போனால் அம்மாவை யாரிடம் விடுவது. தோட்டம் மாறிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், எத்தனை மாதத்துக்கு. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்து, ஒபிஸ் வாசலில் செருப்பைக் கழற்றியபோது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். கொழும்பு நிறுவனத்துக்கு, இனி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும்தான் வரைய முடியும் என்று எழுதினேன். முப்பரிமாண வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்ன வரைபடங்கள் மட்டும் வந்தன.

அம்மா ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் விடியும்போது தன் படங்கை எடுத்து என் இடுப்பில் சுற்றி, முடிச்சை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று காட்டிக் கட்டிவிட்டார். அது இடையில் ஒருநாள் அடித்த வெயிலில் துவைத்துக் காயவைத்தது. ஆனாலும் புகை மணம் இருந்தது.

பெரட்டுக் களத்தில் கங்காணி என் பேரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கம்பியூட்டர் தங்கச்சி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. இங்க அழிச்சிட்டு திரும்பப் போடுற பட்டன் கெடையாது. கிள்ளுனா கிள்ளுனதுதான். கொழுந்த மட்டும் கிள்ளுங்க, முத்துன எலய விட்டுருங்க."

பெண்கள் சிரித்தார்கள். "எல எதுன்னு கம்பியூட்டர்ல பாத்துட்டு வந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. மாமி அவளை அதட்டினார். பிறகு என்னை இழுத்துத் தன் பக்கத்து நிரையில், அம்மா நிற்கிற இடத்தில் நிறுத்தினார்.

அன்று மழை. எவ்வளவு பறித்தேன் என்பதைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, காணாது; அரைப் பேர்தான் போட்டார்கள். மாலையில் நடக்கும்போது காலுறைக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. படங்கு தொடையில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் கூடவே ஒரு ஆளை இழுத்துக்கொண்டு போவதுபோல் கனத்தது. லயத்தின் கடைசிப் படியில் ஏறும்போது ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

அம்மா பழைய பெட்டியைக் கட்டிலுக்கடியில் இருந்து இழுத்து, அதே மூலையில் வைத்து, மின்சார வயரை மட்டும் செருகி, பட்டனை அமுக்கியிருந்தார். மொனிட்டர் இல்லை. அது எதையும் காட்டாமல், எந்த வேலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முக்காலி பின்னால் இருந்தது. அம்மா கட்டிலின் விளிம்பில் போர்வையோடு உட்கார்ந்து, விசிறிக் காற்றில் கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு பத்தல" என்றார் என்னைப் பார்த்ததும். "பெரிய படம் ஏதாச்சும் போடு."

"இப்ப பெரிய படமெல்லாம் வர்றதில்லம்மா. சின்னதுதான்."

"பழசு இருக்கும்ல."

ஈரத் துணியோடே மொனிட்டரை மாட்டினேன். எப்போதோ முடித்து அனுப்பிய ஒரு மூன்று மாடி வீட்டைத் திறந்தேன். பெரிய வரவேற்பறை, கண்ணாடி பதித்த மாடிப்படி, துணி காயப்போடுவதற்கென்றே பின்பக்கத்தில் ஒரு அறை. எல்லா வெளிச்சத்தையும் எல்லா நிழலையும் மறுபடி உருவாக்கச் சொன்னேன். யாரும் கேட்காத வீடு. பெட்டி மூச்சுவாங்கத் தொடங்கியது. விசிறி இரைந்தது. அம்மா எழுந்து என் இடுப்பில் இருந்து படங்கை அவிழ்த்து, தண்ணீரை வாசலில் பிழிந்துவிட்டு, முக்காலியில் விரித்தார்.

சுவரின் அந்தப் பக்கத்தில் இருந்து மாமியின் குரல் வந்தது.

"பழச எடுத்துட்டீங்க போல."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமா மாமி. பில்லுல எங்க பங்கக் கூட்டிக்கங்க."

பிறகு மாமி கதவைத் தட்டினார். கையில் மகளின் வெள்ளைச் சீருடை, பிழிந்தது. "நாளைக்கு இஸ்கூலுக்கு இது வேணும். ஒரு ஓரமா போட்டு வையுங்க" என்றார். உள்ளே வரவில்லை. போகும்போது, "நல்லா கத்தட்டும்" என்றார்.

அம்மா சீருடையைக் கயிற்றில் போட்டார். படங்கின் மறுபக்கத்தைத் திருப்பிவைத்தார். இருமல் வந்தது, முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை, போனால் கோபப்படுவார். சின்னப் பெட்டி மேசையின் மறு ஓரத்தில் அணைந்து கிடந்தது. அளவுக் கருவியைக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில் இருந்து ஒவ்வொரு மாலையும் நான் அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்பேன். பதிலில் எனக்கு அக்கறை இருந்ததில்லை, கேட்டுப் பழகிவிட்டது. இருமல் நின்றபிறகு அம்மா கட்டிலில் உட்கார்ந்து, காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, அதை என்னிடம் கேட்டார்.

"நாளைக்கு எந்த மலை?"

"மேல் மலைம்மா" என்றேன். "தண்ணித் தொட்டிக்கு மேல."

"அங்க சாரல் கூட" என்றார் அம்மா. பிறகு எழுந்து, என் சுவெட்டரைப் பெட்டிக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தினார்.